மட்கும் பை

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அண்மையில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. தொண்டை நாட்டில் சிறிய ஏரியைத் தாங்கல் என்று வழங்குவர். வேடர்கள் வாழ்ந்த தாங்கல் ஆதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். இங்குள்ள ஏரி பரப்பிற் பெரிதன்று. ஏறத்தாழ 74 ஏக்கரே. ஆயினும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரியில் நீர் நிறைந்ததும், நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆயிரக்கணக்கில் வந்து, நீரின் நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் பல இனப் பறவைகள் அடுக்கடுக்காய்க் குடியிருக்கும் காட்சியைக் காண்போர், மரத்தில் இலை மிகுதியோ பறவை மிகுதியோ என ஐயுறுவர்.

இவ்வூரார் பறவைகளைக் காத்துவரும் வரலாறு பழைமையானது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரர் சிலர் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊர்மக்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர் என்றும் கூறுவர். அந்நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அவ்வுரிமை 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் இவ்வேரி பறவைகளின் புகலிடமாக ஏற்கப்பெற்றது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. பறவைகள் வெருளும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிக்காத ஊர் இது.

ஊரார் இவ்வாறு காப்பதற்கு அன்பு ஒரு காரணம். உழவறிவு மற்றொரு காரணம். கூடுகளிலிருந்து இரவும் பகலும் விழும் எச்சம் ஏரி நீரிற் கலக்கிறது. அவ்வெச்சத்தில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்துள்ளன. மதகு திறந்து அந்நீரை வயலுக்குப் பாய்ச்சும்போது நீரும் எருவும் ஒருங்கே பாய்கின்றன. நுண்ணுயிர்களைப் பற்றி நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே, ஓர் உயிர் கழித்தது மற்றோர் உயிருக்கு உணவாகும் என்பதை வேடந்தாங்கல் உழவர் கண்டறிந்து, அதனைத் தம் வாழ்வின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்டனர்.

இவ்விடத்தில் 'குப்பை' என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. நகரத்தார் இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வர். உழவர் வழக்கில் குப்பை என்பது எருவையும் குறிக்கும். மாட்டுச் சாணமும், வைக்கோற் கூளமும், அடுப்புச் சாம்பலும், சமையலறைத் தோலும் காம்பும் கொல்லையிலுள்ள குழியில் நாள்தோறும் சேரும். கோடையில் அதனை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு செல்வர். அதற்குக் குப்பை அடித்தல் என்று பெயர். வீட்டில் குப்பை மிகுதியாக இருத்தல் அந்நாளில் செல்வத்தின் அடையாளம். சொல் மாறவில்லை, குழியில் விழும் பொருள் மாறியது. அதனாற் சொல்லின் பொருளும் மாறிற்று. அம்மாற்றத்தைக் கொண்டுவந்தவற்றுள் முதன்மையானது, காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லியதான பாலித்தீன் பை.

பாலித்தீன் பை ஏன் மட்குவதில்லை? இவ்வினாவிற்கு விடை காண, மட்குதல் என்பது யாது என்று முதலில் அறிய வேண்டும். வாழையிலை ஒன்றை மண்ணில் இட்டால், பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதன்மேற் படர்ந்து நொதிகளைச் சுரக்கின்றன. நொதி என்பது கத்தரி போன்றது. ஒவ்வொரு நொதியும் ஒருவகைப் பிணைப்பையே வெட்ட வல்லது. இலையிலுள்ள செல்லுலோசு, சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருளாகும். அதனை வெட்டும் நொதி நுண்ணுயிர்களிடம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்து வருகிறது. வெட்டுண்ட துண்டுகளை அவை உண்கின்றன. கரியமில வளியும் நீரும் வெளிப்படுகின்றன. எஞ்சியது கறுத்து உதிர்ந்து மட்குரமாகிறது. பேச்சு வழக்கில் மக்குதல் என்று நாம் சொல்வது, மட்குதல் என்னும் இப்பழஞ் சொல்லின் திரிபே.

பாலித்தீனோ நேற்று வந்த பொருள். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்னும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1933-இல் கிப்சன், பாசெட் என்னும் இருவர் எத்திலீன் என்னும் வளியை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தியபோது, மெழுகு போன்ற வெண்பொருள் எதிர்பாராமற் கிடைத்தது. அதுவே பாலித்தீன். கரிம அணுக்கள் ஆயிரக்கணக்கில் நீண்ட சங்கிலியாய்ப் பிணைந்த அப்பொருளில், நுண்ணுயிரின் கத்தரி நுழைவதற்கு ஏற்ற இணைப்பு இல்லை. 1960-களில் சுவீடன் நாட்டு ஸ்டென் குஸ்டாப் துலின் என்பவர் அதனைக் கொண்டு, கைப்பிடியும் பையும் ஒரே துண்டாய் அமைந்த பையை உருவாக்கினார். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவர் எண்ணம். அவர் தம் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என்று அவருடைய மகன் கூறியுள்ளார். உலகமோ பையை ஏற்றுக்கொண்டது. மடித்து வைக்கும் பழக்கத்தை ஏற்கவில்லை.

வெயிலில் கிடக்கும் பாலித்தீன் நாளடைவில் நொறுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது மட்குதல் அன்று. பெரிய பாலித்தீன் சிறிய பாலித்தீன் ஆகிறது, பின்னர்க் கண்ணுக்குப் புலப்படாத துகள் ஆகிறது, அவ்வளவே. இடையில் அது செய்யும் கேடு பல. எஞ்சிய சோற்றைப் பையில் இட்டு முடிச்சிட்டு எறிந்தால், முடிச்சை அவிழ்க்கத் தெரியாத பசு பையோடு விழுங்குகிறது. விழுங்கியது இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. 2019-இல் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோகிராம் நெகிழிக் கழிவை அறுத்தெடுத்தனர். பத்து வயதுச் சிறுவர் இருவரின் எடையை அப்பசு தன் வயிற்றிற் சுமந்து திரிந்தது என்றால், அதன் துன்பத்தை உரைக்க வேறு சொல் வேண்டா.

பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்கு வருவோர் தின்பண்டமும் கொண்டு வருகின்றனர். ஏரிக்கரையில் எறியப்படும் பை தரையில் நிற்பதன்று. காற்று அதனை நீருக்குக் கொண்டு செல்லும். நீரில் மிதப்பதை மீன் என்று கருதிக் கொத்தும் பறவையும் உண்டு; கூட்டிற்கு ஏற்ற நார் என்று எடுத்துச் சென்று, குஞ்சின் காலில் சிக்கவைக்கும் பறவையும் உண்டு. உலகின் பல நீர்நிலைகளில் இவ்விரண்டும் கண்டறியப்பட்டுள்ளன.

இந்நிலையில் தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 25-ஆம் நாளிட்ட ஆணையால், ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. 2019 சனவரி முதல் நாள் அத்தடை நடைமுறைக்கு வந்தது. எல்லாத் தடிமனிலும் அமைந்த நெகிழிக் கைப்பைகளும் தடைப்பட்டவற்றுள் அடங்கும். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. ஆணை பிறப்பித்த அளவில் கடற்கரை தூய்மையாகிவிடுமா? 2019 அக்டோபர் 12 அன்று காலை, சீன அதிபரைச் சந்திக்க மாமல்லபுரம் வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, கடற்கரையில் நடந்துகொண்டே கழிவுகளைத் தம் கையாற் பொறுக்கினார். தடை வந்து ஒன்பது மாதங்கள் கழிந்திருந்தன. ஆயினும் அரைமணிப் பொழுதில் பை நிறையும் அளவிற்குக் கழிவு கிடைத்தது.

தடையாணையில் ஒரு விலக்கு இருந்தது. உரிய தரச் சான்று பெற்ற மட்கும் பைகளுக்குத் தடை இல்லை என்பதே அவ்விலக்கு. இதன் பயனாகக் கடைகளில் ஒரு புதுவகைப் பை தோன்றியது. தொட்டால் பாலித்தீன் போலவே இருக்கும். சற்றே மென்மையாகவும் மங்கலாகவும் தோன்றும். விலை கூடுதல். பலர் இதனை வாங்கி, காய்கறித் தோலை இட்டு, முன்போலவே முடிச்சிட்டுத் தெருமுனையில் எறிந்துவிட்டு, 'மட்கிவிடும்' என்று மனநிறைவு கொள்கின்றனர். அம்மனநிறைவு தகுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்கும் பை எதனால் ஆனது? பலரும் மக்காச்சோளத்தால் என்பர். சிலர் மரவள்ளியால் என்பர். இரண்டும் பாதி உண்மை. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவுச்சத்தைப் பிரித்துச் சவ்வரிசி செய்கின்றனர் அல்லவா? அத்தகைய மாவுச்சத்து இப்பைகளிற் சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் மாவுச்சத்து மட்டும் கொண்டு பை செய்தால் அது அப்பளம் போல ஒடியும். மழைத்துளி பட்டால் கஞ்சியாகும். ஆதலின் அதனுடன் வேறு பொருள்களைக் கலக்க வேண்டும். அவற்றுள் ஒன்று பாலிலாக்டிக் அமிலம். பால் தயிராய்ப் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலமே அதன் சங்கிலியில் மணியாய்க் கோக்கப்படுகிறது. அந்த அமிலத்தைச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் புளிக்கவைத்துப் பெறுகின்றனர். மற்றொன்று, பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்கு உறவினம். ஆம், கல்லெண்ணெயிலிருந்து செய்யப்படும் ஒருவகைப் பாலியெஸ்டர். பி.பி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் சங்கிலியில், நுண்ணுயிரின் கத்தரிக்கு இடந்தரும் இணைப்புகள் இடையிடையே உள்ளன. ஆகவே எண்ணெயிற் பிறந்தும் அது மட்குகிறது. இதற்கு மாறாக, பிரேசில் நாட்டில் கரும்பிலிருந்து எத்திலீன் எடுத்துப் பாலித்தீன் செய்கின்றனர். அது கரும்பிற் பிறந்தும் மட்குவதில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது வேறு. எவ்வாறு மறையும் என்பது வேறு. பையின்மீது பச்சை இலைப் படமும் சோளக்கதிர்ப் படமும் வரைந்திருப்பது, அதன் பிறப்பைச் சொல்லலாம். இறப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இதைவிட ஏமாற்றந் தரும் இனம் ஒன்று உண்டு. சாதாரணப் பாலித்தீனில் சில உலோக உப்புகளைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் விரைந்து சிதையுமாறு செய்து, 'இயற்கையில் அழியும் பை' என்று பெயரிட்டு விற்பதுண்டு. அது துகளாகிறது. முன்னர்ச் சொன்னபடி, துகளாதல் மட்குதல் ஆகாது. எனவே 'அழியும்' என்ற சொல்லை நம்புதல் கூடாது. சான்றை நோக்க வேண்டும்.

அச்சான்றின் அடிப்படை, இந்தியத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரவிதியாகும். அவ்விதி கேட்கும் தேர்வுகள் கடுமையானவை. பைப்பொருளை மட்கும் உரத்துடன் கலந்து 58 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்து, அதிலிருந்து வெளிப்படும் கரியமில வளியை அளக்கின்றனர். அதிலுள்ள கரிமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 180 நாள்களுக்குள் அவ்வளியாக மாறியிருத்தல் வேண்டும். பன்னிரண்டு வாரங்கள் கழித்து உரத்தை 2 மில்லிமீட்டர்ச் சல்லடையிற் சலித்தால், பையின் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் சல்லடையில் தங்குதல் கூடாது. அவ்வுரத்தில் விதைத்த விதை நன்கு முளைத்தல் வேண்டும். நச்சு உலோகங்கள் அளவுக்கு மேல் இருத்தலும் கூடாது. சென்னைக் கிண்டியில் 1968-இல் தொடங்கப்பெற்ற சிப்பெட் என்னும் நடுவண் நிறுவனம் இத்தகைய ஆய்வுகளைச் செய்யும் இடங்களுள் ஒன்று. ஆய்வில் தேறிய பைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சான்று வழங்குகிறது. செய்தவர் பெயரும் சான்றின் எண்ணும் பையின்மேல் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். அவை இல்லாத பையைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்க வேண்டா.

மேலே கூறிய எண்களுள் ஒன்றை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். 58 பாகை என்பது காய்ச்சலின் வெப்பத்தினும் மிக மிகுதி. அவ்வெப்பத்தில் நம் கையை வைத்திருக்க இயலாது. இவ்வெப்பம் எங்கிருந்து வரும்? டன் கணக்கில் ஈரக் கழிவைக் குவித்து, காற்றோட்டம் அமைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால், உண்ணும் நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை சூடேறும். மழைக்குப்பின் பெரிய எருக்குழியை வெட்டும்போது ஆவி எழுவதைக் கண்ட உழவர் இதனை அறிவர். குவியல் பெரிதாயின் சூடு உள்ளே தங்கும். சிறிதாயின் பக்கங்களின் வழியே கழிந்துவிடும். வீட்டு மாடியில் வைத்திருக்கும் மண்பானை உரத்தொட்டியில் சூடு தங்குவது அரிது. அது பெரும்பாலும் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும்.

பாலிலாக்டிக் அமிலத்திற்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியம். வெல்லப்பாகு ஆறினால் இறுகிக் கல்லாகிறது, சூடேறினால் இளகுகிறது. அதுபோல் இப்பொருளின் சங்கிலிகள் ஏறத்தாழ 60 பாகையை நெருங்கும்போதுதான் இளகி, நீர் உட்புக இடந்தருகின்றன. நீர் உட்புகுந்து சங்கிலியைத் துண்டித்த பின்னரே நுண்ணுயிர் உண்ணத் தொடங்கும். ஆகவே பெருங் குவியலில் மூன்று மாதத்தில் மறையும் அதே பை, வீட்டுத் தொட்டியில் ஓராண்டும் கிடக்கலாம்.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தில் பொதுமக்கள் பலர் தம் தோட்டத்து உரத்தொட்டிகளில் மட்கும் நெகிழிகளை இட்டுப் பார்த்து முடிவுகளை அறிவித்தனர். 2022-இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வின்படி, வீட்டிலேயே மட்கும் என்று சான்று பெற்ற பொருள்களிலும் நூற்றுக்கு அறுபது முழுமையாக மறையவில்லை. அந்நாட்டுப் பிளிமத் பல்கலைக்கழக அறிஞர் 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. அவர்கள் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடலில் இட்டும், காற்றில் தொங்கவிட்டும் மூன்றாண்டுகள் வைத்திருந்தனர். மட்கும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமற் போயிற்று. மண்ணிலோ 27 மாதங்கள் கழித்தும் இருந்தது. ஆயினும் பொருளை இட்டுத் தூக்கியவுடன் கிழிந்தது. 'இயற்கையில் அழியும்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேறொரு பையோ, மூன்றாண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னும் கடைச் சரக்கைத் தாங்கும் வலிமையோடு விளங்கியது! மட்கும் பைகள் அனைத்தும் ஒரே கலவையால் ஆனவை அல்ல. ஆதலின் ஒரு பையின் கதையைக் கொண்டு மற்றொன்றைத் துணிதல் ஆகாது. இவ்வகைப் பைதான் என்று கருதி அதனை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருதலும் ஆகாது. நாரையின் தொண்டையில் சிக்கும் பொருள், மூன்று மாதம் கழித்து மட்கும் இயல்பினது என்பதால் நாரைக்கு ஆவது ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் இப்பை பயனற்றதோ எனின், அன்று. பயன்படும் இடமறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே விடை. இத்தாலி நாட்டு மிலான் நகரில் 2012 முதல் வீட்டு உணவுக் கழிவை மட்கும் பையில் இட்டுத் தனியே பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. அங்குப் பை வீட்டிலிருந்து நேரே பெரிய உரக்கூடத்திற்குச் செல்கிறது. ஈரக் கழிவை வெறுங்கூடையில் இட மக்கள் அருவருக்கின்றனர். பை இருந்தால் இடுகின்றனர். பையும் கழிவோடு மட்குகிறது. இத்தகைய ஏற்பாடு உள்ள ஊரில் மட்கும் பை நல்ல துணையாகும். ஏற்பாடு இல்லாத ஊரில் அது விலை மிகுந்த மற்றொரு குப்பையே.

நம் ஊர்களில் நிலைமை யாது? ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் சென்று கழிவைப் பெற்று, மட்குவதையும் மட்காததையும் பிரித்து, மட்குவதைக் கொட்டகையில் உரமாக்கும் முறை உள்ளது. இவர்களுள் மிகப்பலர் பெண்கள். ஒரு நாட்காலையில் நூறு வீட்டுக் கழிவைக் கையாற் கிளறும் ஓர் அம்மையார், கையில் அகப்படும் பை பாலித்தீனா, மட்கும் பையா என்று எங்ஙனம் அறிவார்? இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அச்சிட்ட எண்ணைப் படிக்க நேரமும் இல்லை. குழம்பு படிந்த பையில் எழுத்தும் தெரியாது. ஐயம் வந்தால் அவர் எடுத்து அப்புறப்படுத்துவார். அதுவே முறையும் ஆகும். ஏனெனில் ஒரு பாலித்தீன் உள்ளே போனால் உரம் முழுதும் துகள் கலந்து கெடும். மறுபுறம், மட்கும் பை பழைய நெகிழியோடு சேர்ந்து உருக்காலைக்குச் சென்றால், அங்கு உருக்கிச் செய்யும் பொருளின் உறுதியைக் கெடுக்கும். ஆகவே இப்பையைப் பயன்படுத்துவோர், தம் ஊர்க் காவலரிடம் முன்கூட்டியே சொல்லி, ஊரார் அனைவரும் ஒரே வகைப் பையை, ஒரே நிறத்தில் வாங்குதல் நன்று. இவ்வுடன்பாடு இன்றேல், வாங்கிய காசு வீணே.

உண்மையை நோக்கின், வீட்டில் உரம் செய்வோருக்குக் கழிவை இடுவதற்குப் பையே தேவையில்லை. மூடியுள்ள ஒரு வாளி போதும். அடியில் பழைய செய்தித்தாளை இரண்டாய் மடித்து இட்டால் ஈரத்தை உறிஞ்சும். காகிதம் தொட்டியில் சில வாரங்களில் மட்கும். கடைக்குச் செல்வதற்கும் இப்பை சிறந்ததன்று. வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் வைத்திருந்தால் இது தானே நைந்துபோகும். கொதிக்கும் குழம்பை ஊற்றினால் இளகும். நம் பாட்டியர் கடைக்குத் துணிப்பை கொண்டு சென்றனர், எண்ணெய்க்குத் தூக்கு, பூவிற்கு வாழையிலை, கருப்பட்டிக்குப் பனையோலைக் கொட்டான், மளிகைக்குக் காகிதப் பொட்டலம். செங்கற்பட்டு மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலை முடையும் கைகள்தாம் குறைந்துவருகின்றன. இவை இருக்கும் இடத்தில் மட்கும் பைக்கு வேலையில்லை. மீனும் இறைச்சியும் வாங்குமிடத்திலும், நோயாளியின் அறையிலும், விருந்தின் எச்சிற் கழிவைத் திரட்டுமிடத்திலும் இதனைப் பயன்படுத்தினால் குறை கூறுவதற்கில்லை.

வீட்டுத் தொட்டியில் இப்பையை இட்டுத்தான் ஆகவேண்டும் எனின், செய்யத்தக்கன சில உள. பையை முழுதாய்ப் போடாமல் கத்தரியால் விரலகல நாடாக்களாக வெட்ட வேண்டும். பரப்பு மிகுந்தால் நுண்ணுயிர் பற்றும் இடமும் மிகும். அடியில் துளையிட்ட மண்பானையில் முதலில் காய்ந்த சருகைப் பரப்பி, அதன்மேல் காய்கறிக் கழிவு ஒரு பங்கு, சருகு ஒரு பங்கு என மாறி மாறி இட்டு, இடையிடையே பையின் நாடாக்களைத் தூவ வேண்டும். கழிவு பசுமையானது, தழைச்சத்து மிக்கது. சருகு காய்ந்தது; கரிமம் மிக்கது. நுண்ணுயிருக்கு இரண்டும் வேண்டும். சோற்றோடு குழம்பு வேண்டுவது போல. சருகு குறைந்தால் நாற்றம் எழும். நாற்றம் எழுந்தால் தொட்டியைப் பழிக்காமல் சருகைக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கை புதுச்சாணத்தைக் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிவிட்டால் காற்றுப் புகும். பிழிந்தால் ஒருதுளி நீர் கசியும் அளவு ஈரம் போதும்.

நீர்ப்பறவைகள் வேடந்தாங்கலுக்கு வரும் ஐப்பசி மாதத்தில் இவ்வாறு ஒரு பானையை நிரப்பி வைத்தால், தை மாதத்தில் தோலும் காம்பும் அடையாளம் தெரியாமற் கறுத்து, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உதிரியான உரமாக இருக்கும். அதனைச் சலித்தெடுத்துக் கத்தரிச் செடிக்கும் அவரைக் கொடிக்கும் இடலாம். சல்லடையில் மூன்று பொருள்கள் தங்கும். மாங்கொட்டை ஒன்று, முட்டை ஓடு ஒன்று, இற்றுப்போய், தொட்டால் கிழிகின்ற பையின் நாடாக்கள் ஒன்று. மூன்றையும் அடுத்த பானையின் அடியில் இட்டு, அதன்மேற் சருகைப் பரப்ப வேண்டும்.